பழைய மரம் எரியுமா, எரியாதா?

எங்கேயாவது ஒரு பழைய மரக்கட்டடம் எரிந்த செய்தி வந்தால் போதும், எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து டீக்கடைகளில் இரண்டு கட்சி உருவாகிவிடும். "எண்ணூறு வருச மரம்லா, வைரம் பாஞ்சு கல்லாப் போயிருக்கும், அது எப்படிய்யா ஒரு சாயங்காலத்துல எரியும்? எவனோ வச்சிருக்கான்" என்பது ஒரு கட்சி. "எண்ணூறு வருசமாக் காஞ்சு கெடந்த மரம்யா, ஒரு பீடித்துண்டு போதும்" என்பது இன்னொன்று. இரண்டு கட்சியும் எதிரெதிராகப் பேசினாலும் இரண்டுக்கும் ஆதாரம் மரத்தின் வயதுதான். நான் இரண்டிலும் இல்லை. ஒரு மரம் எப்படி எரியும் என்பதில் அதன் வயதுக்கு இருக்கிற பங்கு ரொம்பக் குறைவு, மற்ற விஷயங்கள்தான் பெரிது, அந்த மற்ற விஷயங்கள் என்ன என்பதைத்தான் எழுதப்போகிறேன். வேதியியல் எதுவும் தெரிந்திருக்க வேண்டாம், விறகடுப்பு பார்த்திருந்தால் போதும்.

முதலில் மரம் எப்படி எரிகிறது என்று பார்ப்போம். மரக்கட்டை நேரடியாக எரிவதில்லை. சூடு ஏற ஏற அதிலிருக்கும் ஈரம் முதலில் ஆவியாகும், அப்புறம் சுமார் 250, 300 டிகிரி செல்சியஸ் பக்கம் போனதும் மரம் உள்ளுக்குள் சிதைந்து வாயுவாக வெளியே வரும், அந்த வாயு காற்றோடு கலந்து பற்றிக்கொள்வதைத்தான் நாம் தீ என்று பார்க்கிறோம். வாயு போனபின் மிஞ்சுவது கரி. இந்தக் கரி விஷயத்தில்தான் எல்லாச் சூட்சுமமும் இருக்கிறது. கரி சூட்டை எளிதில் உள்ளே கடத்தாது, அதனால் கட்டையின் மேல் ஒரு கரிப்படலம் உண்டானதும் உள்ளே இருக்கும் மரத்துக்கு அதுவே கவசமாகிவிடும். தேக்கு, வேங்கை மாதிரிக் கெட்டியான மரம் கட்டடத் தீயில் நிமிடத்துக்கு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் ஆழம்தான் கரியாகும், பைன் போன்ற லேசான மரம் அதைவிடக் கொஞ்சம் வேகமாக, 0.65 மில்லிமீட்டர் அளவில். கரிக்கு நாலு சென்டிமீட்டர் உள்ளே போனால் மரம் பெரும்பாலும் பழைய மரமாகவே இருக்கும்.

இந்தக் கணக்கை நம் ஊர் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். கல்லிடைக்குறிச்சியிலோ அம்பாசமுத்திரத்திலோ ஒரு பழைய மச்சு வீட்டில் ஒரு அடி அகலத்தில் ஒரு தேக்கு உத்திரம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரம் இரண்டு பக்கமும் தீ தின்றாலும் பக்கத்துக்கு மூன்று சென்டிமீட்டர் போய், நடுவில் இருபத்து நாலு சென்டிமீட்டர் நிற்கும், மேலே இருக்கும் பாரத்தையும் அநேகமாகத் தாங்கும். அதே வீட்டின் பின்கட்டில் ஓட்டுக்கு அடியில் அடித்திருக்கும் ஒரு அங்குல ரீப்பருக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது, அது முழுசாகச் சூடேறிச் சில நிமிடத்தில் எரிந்து விழுந்துவிடும். ஒரே காட்டில் ஒரே வருஷம் வெட்டிய மரமாகக்கூட இரண்டும் இருக்கலாம். வித்தியாசம் தடிமனில் மட்டும்தான்.

அடுப்பு மூட்டியவர்களுக்கு இது தெரிந்த கதைதான். தடித்த உடைமர விறகை வைத்துத் தீக்குச்சி கிழித்தால் என்ன நடக்கும்? குச்சி அணையும், விறகு அப்படியே கிடக்கும். அதற்குப் பன்னாடை வேண்டும், காய்ந்த ஓலை வேண்டும், சுள்ளி வேண்டும், அப்புறம்தான் விறகு. இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள். நன்றாக எரிகிற விறகை அடுப்பிலிருந்து இழுத்துத் தனியாகத் தரையில் போட்டால் கொஞ்ச நேரத்தில் தீ அடங்கிப் புகைய ஆரம்பிக்கும். இரண்டு மூன்று விறகு நெருக்கமாக இருந்தால்தான் ஒன்றின் வெக்கை இன்னொன்றின் மேல் பட்டு, அது திரும்ப இதன் மேல் பட்டு, தீ நிற்கும். அப்புறம் காற்று: அடுப்பின் கீழ்ப்பக்கம் அடைத்திருந்தால் என்ன ஊதினாலும் புகைதான். சுள்ளி, நெருக்கம், காற்று, இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் உலகத்தில் எந்தப் பழைய கட்டடம் எரிந்த செய்தியையும் பாதிக்குமேல் புரிந்துகொள்ளலாம்.

சரி, வயது? மரத்தை வெட்டினால் சில வருஷம் காயும். அதன்பின் அது காய்ந்துகொண்டே போவதில்லை. சுற்றியிருக்கும் காற்றின் ஈரப்பதத்துக்கு ஏற்ப மரத்தில் இருக்கும் ஈரம் ஒரு அளவில் நின்றுவிடும், கூரைக்குள் இருக்கும் மரத்தில் அது எடையில் சுமார் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் வரை. மழைக்காலத்தில் கொஞ்சம் ஏறும், சித்திரை வெயிலில் கொஞ்சம் இறங்கும். வடகிழக்குப் பருவமழையில் கதவு நிலையில் பிடித்துக்கொண்டு மூட மறுக்கிறதே, அது இதனால்தான், நூறு வருஷக் கதவும் அப்படித்தான் பிடிக்கும். ஆகவே ஒரே கூரைக்கு அடியில் இருக்கும் பத்து வருஷ மரமும் ஐந்நூறு வருஷ மரமும் ஈரத்தில் ஏறக்குறைய ஒன்றுதான். "காய்ஞ்சு கெடந்த மரம்" கட்சிக்கு இதில் ஆதாரம் கிடையாது.

கல்லாகிப் போன மரம் என்ற கட்சிக்கும் கிடையாது. மரம் கல்லாவது உண்மைதான், விழுப்புரம் பக்கம் திருவக்கரையிலும் பெரம்பலூர் பக்கம் சாத்தனூரிலும் போய்ப் பார்க்கலாம். ஆனால் அது மண்ணுக்குள் புதைந்து, சிலிக்கா என்கிற மணல்சத்து கலந்த நிலத்தடி நீர் மரத்தின் ஒவ்வொரு நுண்ணறைக்குள்ளும் புகுந்து, அந்தச் சத்து படிந்து, மிக நீண்ட காலத்தில் நடப்பது. கூரையில் காற்றாட இருக்கும் உத்திரம் எண்ணூறு வருஷத்தில் கல்லாகாது. வைரம் பாய்ந்த நடுக்கட்டை கரையானுக்கு அசராது, ஆணி இறங்காது, அதெல்லாம் சரி. தீயில் போட்டால் மெதுவாக எரியும், ஆனால் எரியும்.

வயது செய்கிற வேலை வேறு மாதிரி, அதுவும் மரத்தைவிட மரத்தைச் சுற்றித்தான் அதிகம். கட்டையில் நீளவாக்கில் வெடிப்பு விழும், வெளிப்புற வெளுத்த பகுதியை உளு அரித்துத் துளைபோடும், இதனால் தீ தொடக்கூடிய பரப்பு கூடும். மச்சுக்கு மேலே குருவிக்கூடு, வௌவால் புழுக்கை, எலி இழுத்துச் சேர்த்த துணி, பழைய ஓலைப்பாய், யாரும் எடுக்காத கணக்கு நோட்டு எல்லாம் சேரும். விளக்கு எரிந்த இடமென்றால் எண்ணெய்ப் பிசுக்கு ஏறும். அப்புறம் நூறு வருஷத்துக்குப் பிறகு ஒருத்தர் வந்து அந்த உத்திரத்தின் மேலேயே கம்பி அடித்துக் கரண்டு இழுப்பார், இன்னும் நாற்பது வருஷம் கழித்து இன்னொருத்தர் அதே கம்பியில் ஏசி மாட்டுவார். கட்டடத்துக்கு வயதாவது என்றால் இதுதான். உத்திரம் அப்படியே இருக்க, சுள்ளியும் தீப்பொறியும் சேர்ந்துகொண்டே போகின்றன.

இப்போது பாரிஸுக்குப் போவோம், ஏனென்றால் இந்த வாக்குவாதம் உலகம் முழுக்கக் கிளம்பியது அங்கிருந்துதான். 2019 ஏப்ரல் 15 மாலை நோத்ர தாம் பேராலயத்தின் கூரை எரிந்தது. கூரைக்குள் இருந்த ஓக் மரச்சட்டகத்தில் பெரும்பகுதி 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, அத்தனை மரம் நெருக்கமாக நின்றதால் அந்த இடத்துக்கே காடு என்று பெயர். நூறு மீட்டருக்குமேல் நீளம், செங்குத்தான கூரை, நடுவில் தீத்தடுப்புச் சுவர் இல்லை, தண்ணீர் தெளிக்கும் குழாய் இல்லை. பழமையைக் கெடுக்க வேண்டாமென்று வைக்காமல் விட்டிருந்தார்கள். மேலே ஈயத் தகடு, அதற்கு அடியில் மெல்லிய பலகை, அதற்கு அடியில் சட்டங்கள்.

எரிந்த கையோடு கதைகள் வந்தன. அந்த ஆலயத்தைப் பல வருஷம் பராமரித்து ஓய்வுபெற்ற கட்டடக் கலைஞர் ஒருவரே தொலைக்காட்சியில், பழைய ஓக் இப்படி எளிதில் பற்றாது, பற்றவைக்க நிறையச் சின்ன மரம் வேண்டும் என்று சொல்ல, அதை வெட்டி எடுத்து உலகம் முழுக்க அனுப்பினார்கள். நம் ஊர்க் குடும்பக் குழுக்கள் வரைக்கும் வந்தது. மஞ்சளாகப் புகை வந்ததே, அது ரசாயனம் என்றார்கள். தீக்குச் சில நாள் முன்னால் கோபுரத்தில் இருந்த பதினாறு செம்புச் சிலைகளை இறக்கிவிட்டார்களே, முன்கூட்டியே தெரிந்திருக்கிறது என்றார்கள்.

அடுப்பை நினைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள். கட்டடக் கலைஞர் சொன்னது முக்கால்வாசி சரி, பெரிய சட்டத்தில் தீக்குச்சி வைத்தால் பற்றாது. ஆனால் ஈயத்துக்கு அடியில் மெல்லிய பலகை இருக்கிறது, நூற்றாண்டுகளாகச் சேர்ந்த தூசி இருக்கிறது, அதுதான் சுள்ளி. காட்டில் மரம் நின்ற மாதிரி நெருக்கமாகச் சட்டங்கள், ஒன்றின் வெக்கை இன்னொன்றுக்கு. கூரையின் உயரம் காற்றை இழுத்துக்கொடுக்கும். மூன்றும் ஆயிற்று. மஞ்சள் புகைக்கு நூற்றுக்கணக்கான டன் ஈயமே போதும், அது 327 டிகிரியில் உருகிவிடும், ஈயம் கலந்த புகை மஞ்சளாகத்தான் வரும். சிலைகளை இறக்கியது அங்கே கோபுரப் பராமரிப்பு வேலை நடந்துகொண்டிருந்ததால். உண்மையில் அந்தப் பராமரிப்பு வேலையைத்தான் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும், சதி என்ற அர்த்தத்தில் அல்ல, எதற்கென்று கொஞ்சம் பின்னால் சொல்கிறேன்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரியது நேரம். முதல் எச்சரிக்கை மணி அடித்தது மாலை 6.20 வாக்கில். காவலாளி போய்ப் பார்த்த இடம் தவறான இடம், அங்கே தீ இல்லை. சரியான இடத்துக்கு ஏறிப் பார்த்து, தீயணைப்புப் படையைக் கூப்பிடும்போது ஏறக்குறைய அரை மணி நேரம் போய்விட்டது. அதற்கப்புறம் ஒரு மணி நேரத்தில் கோபுரமே சாய்ந்துவிட்டது. அரை மணி நேரம் தனியாக விட்டால் எந்த அடுப்பும் பிடித்துக்கொள்ளும். அந்த ஜூன் மாதமே அரசு வழக்கறிஞர் அலுவலகம், யாரும் தீ வைத்ததற்கு ஆதாரம் இல்லை, சரியாக அணைக்காத சிகரெட்டோ மின்கோளாறோ இருக்கலாம் என்று சொன்னது. இதுதான் என்று ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆலயம் 2024 டிசம்பரில் திரும்பத் திறந்தபோது கூரையில் மறுபடி ஓக் மரம்தான் இருந்தது, கோடரியால் செதுக்கிய சட்டங்கள், ஆனால் இந்தத் தடவை தீத்தடுப்புச் சுவரும் நீர்ப்புகை தெளிக்கும் ஏற்பாடும் சேர்ந்து.

காரணத்தை உறுதியாகச் சொல்ல முடியாமல் போவதுதான் கதைகளுக்கெல்லாம் தாய்வீடு. தீ எங்கே தொடங்கியதோ அங்கேதான் அதிக நேரம் எரியும், அங்கே இருந்த சுவிட்சும் கம்பியும் சிகரெட்டுத் துண்டும் முதலில் அழியும், அதன்மேல் கூரை விழும், அதன்மேல் தண்ணீர் அடிப்பார்கள். ஆதாரம் தன்னைத்தானே தின்றுவிடும் குற்றம் இது ஒன்றுதான். அந்த வெற்றிடத்தில் அவரவர்க்குப் பிடிக்காதவரைக் கொண்டுபோய் வைக்கலாம். 1666-இல் லண்டன் எரிந்தபோது கத்தோலிக்கர்கள் மேல் பழி விழுந்தது, தானே தீ வைத்தேன் என்று சொன்ன ஒரு பிரெஞ்சுக்காரரைத் தூக்கில் போட்டார்கள், அவர் தீ தொடங்கிய பிறகுதான் லண்டனுக்கே வந்தார் என்று பின்னால் தெரிந்தது. 1984 ஜூலையில் யார்க் பேராலயத்தின் ஒரு பக்கக் கூரை எரிந்தது, மூன்று நாள் முன்னால்தான் சர்ச்சைக்குரிய ஒரு பிஷப்புக்கு அங்கே பட்டம் சூட்டியிருந்தார்கள், உடனே ஆண்டவன் கோபம் என்று பேச்சு. விசாரித்தவர்கள் பெரும்பாலும் இடிதான் என்றார்கள். ஆண்டவன் கோபம் என்றவர்கள் அதைக் கேட்டு இன்னும் உறுதியானார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், இடி எங்கிருந்து வருகிறது?

தென்காசிக்காரர்களுக்கு இது புதிதல்ல. காசிவிசுவநாதர் கோயில் ராஜகோபுரம் ரொம்ப காலம் மொட்டையாக நின்று 1990-இல்தான் முழுசாக எழுந்தது, அது ஏன் பாழானது என்று கேட்டால் இடி, தீ, சாபம் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள்.

தீ வைப்பதே நடக்காது என்று நான் சொல்ல வரவில்லை. 1950-இல் ஜப்பானின் கியோத்தோவில் பொன் மண்டபத்தை எரித்தது அங்கேயே படித்துக்கொண்டிருந்த ஓர் இளம் துறவி. 2008-இல் தென்கொரியாவின் சோல் நகரத்து நம்தேமுன் வாசலை எரித்தது நில இழப்பீட்டில் கோபம்கொண்ட ஒரு முதியவர். இரண்டிலும் ஆள் பிடிபட்டார், ஒப்புக்கொண்டார். ஆனால் அங்கேகூட "பழைய மரம் தானாக எரியாது" என்பது யாருக்கும் ஆதாரமாக இருக்கவில்லை.

இப்போது பராமரிப்பு வேலை. பழைய கட்டடங்கள் எரிவதில் திரும்பத் திரும்ப வருகிற சங்கதி இது, வயதைவிட ஆயிரம் மடங்கு கவனிக்க வேண்டியது. 1989-இல் இங்கிலாந்தில் அப்பார்க் என்ற மாளிகை எரிந்தது, கூரையில் ஈயத் தகட்டை ஊதுவிளக்கால் ஒட்டிக்கொண்டிருந்த வேலையில்தான், அதுவும் வேலை முடிய ஒருசில நாளே இருந்தபோது. கிளாஸ்கோ கலைப்பள்ளி 2014-இல் ஒரு தடவை எரிந்து, அதைச் சரிசெய்யும் வேலை முடிகிற தறுவாயில் 2018-இல் மறுபடி எரிந்தது. கோபன்ஹேகனின் 17-ஆம் நூற்றாண்டுப் பங்குச்சந்தைக் கட்டடம் 2024 ஏப்ரல் 16-இல் எரிந்தபோதும் சாரம் கட்டி வேலை நடந்துகொண்டிருந்தது. நோத்ர தாம் எரிந்து சரியாக ஐந்து வருஷமும் ஒரு நாளும் ஆகியிருந்ததால் தேதியை வைத்தே ஒரு புதுச் சதிக்கதை வந்தது, சாரத்தைப் பற்றி அவ்வளவு பேச்சில்லை. வெல்டிங், வெட்டுச் சக்கரம், தற்காலிக மின்கம்பி, பெயின்ட், தின்னர், சாரத்தில் கட்டிய படுதா, நிறுத்திவைத்த எச்சரிக்கை மணி எல்லாம் ஒரே நேரத்தில் சேர்கிற காலம் அது. பொறி விழுந்து உடனே எரியாது, பலகை இடுக்கில் கங்காகக் கிடந்து, ஆட்கள் வீட்டுக்குப் போனபின் பிடிக்கும். அதனால்தான் தீப்பொறி வேலை முடிந்து ஒரு மணி நேரமாவது ஓர் ஆள் அங்கேயே இருந்து பார்க்க வேண்டும் என்று பல நாட்டில் விதியே இருக்கிறது. நம் ஊரில் கும்பாபிஷேகத் திருப்பணிகளில் இதை யாராவது கேட்டால் நன்றாக இருக்கும்.

ஏனென்றால் நம்மிடம் இழக்க நிறைய இருக்கிறது. நெல்லையப்பர் கோயில் தாமிர சபையின் மரச்சிற்பங்களைப் பார்க்காதவர் போய்ப் பாருங்கள். திருப்புடைமருதூர் கோபுரத்துக்குள் ஐந்து நிலையிலும் சுவர் முழுக்க ஓவியம், அதோடு செதுக்கிய மரத்தூண்களும் உத்திரங்களும். கோபுரம் என்பது உள்ளே கூடு, கீழே வாசல், மேலே நிலைக்கு நிலை திறப்பு, சூடு மேலே போகப் போகக் கீழிருந்து காற்று தானாக வரும். அங்கே குருவிக்கூடு சேராமல் பார்ப்பதும், கம்பியை மரத்தின் மேல் இழுக்காமல் இருப்பதும் ஓவியத்தைக் காப்பதற்குச் சமம். மலைக்கு அந்தப் பக்கம் குருவாயூரில் 1970 நவம்பர் 30 அன்று என்ன நடந்தது என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஏகாதசி விளக்குக் காலத்தில் மரத்தாலான விளக்குமாடமும் சுற்றம்பலமும் மணிக்கணக்கில் எரிந்தன, கருவறை தப்பியது.

நம் கோயில் கல்தானே என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. மதுரை மீனாட்சி அம்மன் கோயில் வீரவசந்தராயர் மண்டபம் 2018 பிப்ரவரி 2 இரவு எரிந்ததே, அது கல் மண்டபம். எரிந்தது கடைகளில் இருந்த பொருள், உடைந்தது கல்தூணும் கல்கூரையும். கருங்கல் எரியாது, ஆனால் வெளிப்பக்கம் வேகமாகச் சூடேறி உள்பக்கம் குளிர்ந்திருந்தால் பாளம் பாளமாகத் தெறிக்கும், தண்ணீர் அடித்தால் இன்னும் மோசம். இரும்பும் 550 டிகிரி பக்கம் போனால் பாதி பலத்தை இழந்து வளைந்துவிடும். பழைய உத்திரத்தை எடுத்துவிட்டுக் கர்டர் போட்டேன், இனி தீ பயமில்லை என்று சொல்கிறவர்களிடம் நான் பதில் பேசுவதில்லை.

கடைசியாக ஒன்று, வீட்டில் மச்சு வைத்திருப்பவர்களுக்கு. சின்னத் தீ ஏற்பட்டு உத்திரம் கறுத்துப் போனால் உடனே தூக்கி எறியாதீர்கள். முதலில் கரியைச் சுரண்டி நல்ல மரம் வரும்வரை போங்கள், அதற்கு மேல் ஒரு சென்டிமீட்டரைக் கணக்கில் சேர்க்காமல் விடுங்கள், சூடு பட்டுப் பலம் குறைந்த பகுதி அது. மிச்சம் எவ்வளவு தடிமன் இருக்கிறது, சுவரில் உட்காரும் இரண்டு முனையும் நன்றாக இருக்கின்றனவா என்று ஒரு பொறியாளரையோ நல்ல ஆசாரியையோ வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். வேலைக்கு வருகிறவர் பார்த்த மாத்திரத்தில் "இது அவ்வளவுதான் அண்ணாச்சி, கழிச்சிருங்க, நானே எடுத்துட்டுப் போயிருதேன்" என்றால், எங்கே கொண்டுபோகிறார் என்று மட்டும் கேட்டுவையுங்கள். இழைத்தால் அந்தத் தேக்குக்கு இன்றைக்கும் நல்ல விலை இருக்கிறது.